நூற்றுக்கு நூறு என்று எழுதியிருந்தேன்

“…வெளியூர்க்காரர்ணே நீங்க. இங்கத்த நெளிவு சுளிவு ஒங்களுக்கு வெளங்காது. நாளைக்கே டிக்கெட் போட்டு ஊரப் பாக்கக் கெளம்பிடுவீங்க. இங்கயே கெடந்து மாரடிக்கிறது நாங்கதானே லா?”

என்றார் தியாகு. என் கடை நாற்காலியில், நான் கட்டிவிட்ட துணி கழுத்தைச் சுற்றியிருக்க, இடப்பக்கம் வெட்டி முடிந்து வலப்பக்கம் வெட்டாத தலையோடு உட்கார்ந்து சொன்னார். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. கண்ணாடிக்குள் அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். எங்கள் தொழிலில் மனிதர்களை நேருக்கு நேர் பார்ப்பது குறைவு. எல்லாப் பேச்சும் கண்ணாடி வழியாகத்தான்.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், சென்ற ஆண்டு இதே பக்கத்தில் நான் உங்களுக்கு எழுதியது பொய்யாகவே நின்றுவிடும்.

1

நினைவிருக்கலாம். எங்கள் ஊர் இடைநிலைப் பள்ளியில் தமிழ் எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள், நூற்றுக்கு நூறு, என்று எழுதியிருந்தேன். பள்ளி வாசலில் பேனர் கட்டியதையும், கோயிலில் பொங்கல் வைத்ததையும், அன்று என் கடையில் நம் பையன்கள் எல்லோருக்கும் இலவசமாக முடிவெட்டியதையும் எழுதினேன். “கடல் கடந்தும் தமிழ் வாழ்கிறது” என்று முடித்திருந்தேன். அறந்தாங்கியிலிருந்து ஒரு வாசகர் அதைப் படித்துக் கண்கலங்கியதாகக் கடிதம் போட்டிருந்தார். அவரிடம் இப்போது என்ன சொல்வது?

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் முடிதிருத்துபவன். சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கம், சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காடாக இருக்கும் ஒரு சிற்றூரில் கடை வைத்திருக்கிறேன். முதலில் பக்கத்து நகரமான குளுவாங்கில் ஒருவர் கடைக்கு வேலைக்கு வந்தவன். அங்கே புஷ்பாவைப் பார்த்தேன், கட்டிக்கொண்டேன், இங்கேயே தங்கிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளியில் படிக்கவில்லை. மற்றதெல்லாம் கடைக்கு வரும் வாரப் பத்திரிகைகளும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும் சொல்லிக்கொடுத்தது. தலையைத் தொட்டால் மனிதன் பேசுவான். அது எங்கள் அப்பா சொன்னது.

வந்த புதிதில் மலாய் தெரியாமல் பட்ட பாட்டை ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஒரு மலாய்ப் பையன் குட்டையாக வெட்டிவிடாதே என்று சொன்னான். எனக்குக் ‘குட்டை’க்கு உண்டான சொல் மட்டும்தான் தெரியும், ‘வேண்டாம்’ தெரியாது. ஒட்ட வெட்டிவிட்டேன். பையன் அழுதுகொண்டே போனான். மறுநாள் அவனுடைய அப்பா வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தால், “இப்போதுதான் மனுசனாட்டம் இருக்கான்” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். தமிழிலும் தடுக்கி விழுந்திருக்கிறேன். “பசியாறிட்டீங்களா?” என்று இங்கே கேட்டால் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள். எனக்குப் பசி ஆறவில்லை என்று சொல்லி முதல் வாரத்தில் மூன்று வீட்டில் தோசை சாப்பிட்டேன்.

2

ஒரு பள்ளிக்கூடத்தின் நிலவரத்தைக் கல்வி இலாகாவிடம் கேட்க வேண்டாம், முடிவெட்டுகிறவனிடம் கேட்டாலே போதும். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் எல்லாத் தலையும் என்னிடம்தான் வரும். காதுக்கு மேல், காலருக்கு மேல் என்று பள்ளியில் கண்டிப்பு.

எங்கள் பள்ளி சிறியது. அரசு நிலம் கொடுத்துக் குடிவைத்த குடியேற்றத் திட்டத்து மலாய்ப் பிள்ளைகள்தான் பெரும்பகுதி. உள்காட்டிலிருந்து பள்ளிப் பேருந்தில் வரும் பூர்வகுடிப் பிள்ளைகள் கொஞ்சம். சீனப் பிள்ளைகளைக் குளுவாங்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள், வசதியில்லாத இரண்டொருவர்தான் இங்கே. மிச்சம் நம் பிள்ளைகள். நான் கடை திறந்த புதிதில், பள்ளி திறக்கும் வாரத்தில் நம் பையன்கள் கடை முன்னாலுள்ள ஐந்தடி வழி நடைபாதை முழுக்க நிற்பார்கள். இப்போது ஒரு பெஞ்சு போதும்.

எங்கே போனார்கள்? தோட்டத்தில் நம் ஆட்கள் வேலை செய்த இடத்தில் இப்போது இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதியில்லை. நம் ஆட்கள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். எல்லைப் பாலத்துக்கு இங்கிருந்து தினம் போய்வர முடியாது என்று பாலத்துக்குப் பக்கமான ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் குடிபோய்விடுகிறார்கள். பழைய ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவர் என் கடையில் உட்கார்ந்து சொன்னார்: “பால்மரம் இருந்தப்ப நாங்க மரத்துக்கு மரம் நடந்தோம். இப்ப பிள்ளைங்க நாட்டுக்கு நாடு நடக்குது. காலு ஒண்ணுதான்.”

நம் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்தபின் தமிழ் வகுப்பு உண்டு. போதுமான பெற்றோர் கேட்டால்தான் வகுப்பு நடக்கும். ஐந்தாம் படிவத்தின் முடிவில் எஸ்.பி.எம். என்னும் அரசுத் தேர்வு. நம்மூர்ப் பிளஸ் டூ மாதிரி, அதை வைத்துத்தான் அடுத்த கதவு திறக்கும். அதில் தமிழ் கட்டாயமில்லை. விரும்பினால் எழுதலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் மண்டையில் இந்த விஷயம் ஏறவே இல்லை. தமிழ் படித்தவன் தமிழ் எழுதுவான், இதில் விருப்பம் என்ன விருப்பமின்மை என்ன என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ‘எழுதியவர்கள் அத்தனை பேரும் தேர்ச்சி’ என்று பேனரில் போட்டபோது, ‘படித்தவர்கள் அத்தனை பேரும்’ என்று நானாகவே வாசித்துக்கொண்டேன்.

3

அந்தப் பேனரைக் கட்டியவர் தியாகு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணைத் தலைவர். காப்புறுதி முகவர் (நம்மூர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்) வேலை, வாய் தித்திக்கும். ஆனால் என் தியாகுவை அந்த வாயை வைத்து மட்டும் எடைபோடாதீர்கள்.

மனைவி குடியுரிமைக்காரி, கணவன் வெளிநாட்டான் என்றால் இங்கே ஒவ்வொரு முறையும் விசா நீட்டிக்கக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஜோகூர் பாருவில் விடியும் முன்னே போய் எண் வாங்கி உட்கார வேண்டும். அந்தச் சன்னலுக்குப் பின்னால் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு என் மலாய் எட்டாது. எத்தனை முறை தியாகு தன் வேலையை விட்டுவிட்டு என்கூட வந்து உட்கார்ந்திருக்கிறார்! ஒருமுறை அதிகாரி, “இவர் உனக்கு என்ன உறவு?” என்று கேட்டார். “என் அண்ணன்” என்றார் தியாகு. “அடையாள அட்டையில் வேறு அப்பா பெயர் இருக்கிறதே” என்றார் அதிகாரி. “அம்மாவும் வேறதான் துவான், ஆனா அண்ணன்தான்” என்றார். அதிகாரியே சிரித்துவிட்டார். எனக்கு நிரந்தரவாசி அட்டை கிடைத்த அன்று என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார். அன்றிலிருந்து அவர் தலையில் வேறு யார் கையும் பட்டதில்லை. நான் ஊருக்குப் போன மாதங்களில்கூட, திரும்பி வரும்வரை காடு மாதிரி வளர்த்துக்கொண்டு காத்திருப்பார்.

அதனால்தான் சொல்கிறேன். எதிரி அடித்தால் எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று தெரியும், குனிந்துகொள்ளலாம். இவர் பக்கம் குனியவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

4

என் மகள் தர்ஷினி இப்போது ஐந்தாம் படிவம். தோழிகளோடு மலாயில் சிரிப்பாள், கணக்கை ஆங்கிலத்தில் போடுவாள், அம்மாவோடு மட்டும் தமிழில் சண்டை போடுவாள். நான் கையால் எழுதும் இந்தக் குறிப்புகளைக் கைப்பேசியில் தட்டி உங்களுக்கு அனுப்புகிறவள் அவள்தான். ஆகவே இதையும் அவள்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய தமிழ் ரொம்பப் பிரமாதம் என்று சொல்லமாட்டேன். றகரமும் ரகரமும் அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனாலும் “‘மாரடிக்கிறது’ன்னா என்னப்பா?” என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறவள்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பிற்பகல், தமிழ் வகுப்பு நேரத்தில் சோற்றுக்கு வீட்டுக்குப் போனால் அவள் சோபாவில் படுத்திருந்தாள்.

“வகுப்பு இல்லையாம்மா?”

“நான் தமிழ் எடுக்கலப்பா. விட்டாச்சு.”

“விட்டாச்சுன்னா?”

“எஸ்.பி.எம்.முக்கு எழுதப்போறதில்ல. எனக்கு சி தான் வருமாம். சி வந்தா ஸ்கூல் எவரேஜ் இறங்கிடுமாம். நல்லா எடுக்குறவங்க மட்டும் எழுதணுமாம்.”

“யாரு சொன்னா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். புஷ்பா அடுப்பைப் பார்த்தாள்.

“போன வருஷமும் அப்படித்தான்பா. சரண்யா அக்கா, அவங்க கேங்கு யாருமே எழுதல. ஒங்களுக்குத் தெரியாதா? பேனர் கட்டுனப்ப நீங்கதானே ஏணி புடிச்சீங்க?”

உட்கார்ந்துவிட்டேன். சோறு ஆறிப்போனது.

புஷ்பாவிடம் கேட்டேன். கோயிலில் பார்த்துத் தியாகுதான் பேசியிருக்கிறார். “அண்ணங்கிட்ட சொல்ல வேணாம், அவரு பாசக்காரரு, மனசு தாங்காது, நீங்களே பிள்ளைகிட்ட பக்குவமா சொல்லிடுங்க” என்றாராம். புஷ்பாவும் நமக்கு நல்லதுதானே சொல்வார் என்று சரி சொல்லிவிட்டாள். “நம்ம தியாகுதானே சொல்றாரு. நீங்க மட்டும் அவரு பேச்ச என்னைக்குத் தட்டியிருக்கீங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அன்று தர்ஷினி கடைசியாக ஒன்று சொன்னாள்: “பரவால்லப்பா. நான் எழுதாம இருந்தாத்தான் தமிழுக்கு நல்லதுன்னு சொல்லிட்டாங்கல்ல.”

பதினேழு வயசுப் பிள்ளை தன் மொழிக்குத் தன்னால் கேடு என்று நம்பிக்கொண்டு சோபாவில் படுத்திருக்கிறது.

5

எனக்கும், அவளைவிடச் சின்ன வயசில், கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. எங்கள் ஊரில் ஒரு தனியார் பள்ளி, பத்தாம் வகுப்பில் ஆண்டுதோறும் நூறு சதவீதத் தேர்ச்சி என்று சுவரில் எழுதி வைப்பார்கள். அந்த நூறு எப்படி வருகிறது என்று உங்களில் பலருக்குத் தெரியும். தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாவதிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

எனக்கான சேதி எங்கள் கடைக்கே வந்தது. தலைமையாசிரியர் அப்பாவிடம் சவரத்துக்கு உட்கார்ந்தார். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரை இருக்கும்போது சொன்னார்: “ஒம் பய கைத்தொழில் கத்துக்கட்டுமேப்பா. பத்தாவதுன்னு ஒரு வருஷத்த ஏன் வீணாக்குற?” நான் பக்கத்தில்தான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கத்தியைக் கழுவினார். மறு கன்னத்தையும் வழக்கம்போல மழமழவென்று மழித்துவிட்டார்.

“ஏம்ப்பா கேக்கல?” என்று பிறகு கேட்டேன்.

“கழுத்த நம்ம கையில குடுத்துட்டுப் பேசுறாங்கடா. கையில கத்திய வச்சுக்கிட்டு நாம எதுத்துப் பேசக் கூடாது” என்றார்.

தொழில் தர்மம் என்று அதையே நானும் வைத்துக்கொண்டேன். இங்கே எத்தனையோ பேர் என் நாற்காலியில் உட்கார்ந்து எதையெதையோ பேசியிருக்கிறார்கள். கத்தரிக்கோல் கையில் இருக்கும்வரை நான் மறுத்துப் பேசியதில்லை.

6

முதலில் பள்ளி முதல்வரைப் போய்ப் பார்த்தேன். முதல்வர் மலாய்ப் பெண்மணி, கண்டிப்பானவர். மேலிடத்து உத்தரவாகத்தான் இருக்கும், சராசரி இறங்கக் கூடாதென்று இவர்தான் அழுத்தியிருப்பார் என்று வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருந்துவிட்டால் நல்லது என்றும் வேண்டிக்கொண்டேன். அந்நியர் செய்த அநியாயம் என்றால் தாங்கிக்கொள்ளலாம் பாருங்கள்.

என் அரைகுறை மலாயில் சொல்லி முடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“சியாப்பா சாக்காப்?” என்றார். யார் சொன்னது என்று அர்த்தம்.

படித்த பாடத்தை எந்தப் பிள்ளையும் எழுதலாம், யாரையும் நிறுத்தச் சொல்லித் தான் கேட்கவில்லை என்றார். இந்திய மாணவர்கள் தமிழில் ஆர்வமில்லாமல் தாங்களாகவே விலகுகிறார்கள் என்றுதான் சங்கத்திலிருந்து தனக்குச் சொன்னார்களாம். “பெற்றோரே வேண்டாம் என்கிறார்களே என்று வருத்தப்பட்டேன்” என்றார் அந்த அம்மா. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கோடாரிக்குக் காம்பு நம் மரத்திலிருந்துதான் போயிருக்கிறது.

தமிழ் ஆசிரியை கோகிலா டீச்சரைக் கேண்டீன் ஓரத்தில் பிடித்தேன். இரண்டு பள்ளிக்கு ஓடி ஓடிப் பாடம் எடுக்கும் பெண், பாவம்.

“எம்மேல கோவப்படாதீங்கண்ணே. ரிசல்ட்ட நல்லா காட்டுனாத்தான் வகுப்பு நெலைக்கும்னு தியாகு அண்ணன் சொன்னாரு. நானும் பயந்துட்டேன். வகுப்பு போச்சுன்னா எல்லாருக்குமே போச்சுல்ல?”

“எம்மக பேரச் சேத்துக்க முடியுமா டீச்சர்?”

“கடைசித் தேதி இன்னும் இருக்கு. ஆனா அவ மனசார வரணும்ணே. ‘ஒனக்கு சி தான் வரும்’னு நானே அவ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன்.” டீச்சர் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து தர்ஷினியிடம், “ஒனக்கு எழுதணுமா, வேணாமா? எனக்காகச் சொல்லாத” என்றேன்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, “சி வந்தா நீங்க பேனர் கட்டுவீங்களா?” என்றாள்.

“நம்ம கடை வாசல்ல கட்டுவேன்.”

“அலமாக்! வேணாம்பா, மானம் போயிரும்” என்றாள். ஆனால் மறுநாள் வகுப்புக்குப் போனாள்.

7

அதற்கடுத்த வாரம் தியாகு முடிவெட்ட வந்தார். எப்போதும்போல, “ராசுண்ணே, கொஞ்சம் நல்லா எறக்குங்க, கலியாணம் ஒண்ணு இருக்கு” என்று சொல்லி உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. துணியைக் கட்டினேன். இடப்பக்கம் வெட்டும்வரை பொறுத்தேன். அப்புறம் அப்பா வைத்த சட்டத்தை முதல்முறையாக மீறினேன்.

“தர்ஷினி பேரச் சேத்தாச்சு, தம்பி.”

கண்ணாடிக்குள் அவர் முகம் மாறவில்லை. “கேள்விப்பட்டேன். முதல்வர்கிட்டயும் போனீங்களாமே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா ஒத்துக்க மாட்டீங்க.”

“ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சே, என்னைய வச்சு ஏணி புடிக்க வச்சீங்களே?”

“நல்ல காரியத்துக்குத்தானே புடிச்சீங்க.” பொறுமையாகத்தான் பேசினார். பிள்ளைக்குப் பாடம் சொல்வது போல. “அண்ணே, நாலு பிள்ளைங்க நல்லா எடுத்தா பேரு வெளிய தெரியும். பேரு தெரிஞ்சா குளுவாங்குக்கு ஓடுற பெத்தவங்க இங்கயே சேப்பாங்க. பிள்ளைங்க இருந்தாத்தான் வகுப்பு, வகுப்பு இருந்தாத்தான் டீச்சர். நான் எனக்காகவா செய்றேன்?”

அவருக்காகச் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். அதுதான் வலித்தது. திருடியிருந்தால் திருடன் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

“இந்த வருஷம் நாலு பேரு எழுதுவாங்க. அடுத்த வருஷம் ரெண்டு பேரு. அதுக்கு அடுத்தது ஒருத்தன். அதுவும் நூத்துக்கு நூறுதான் தம்பி. அன்னைக்கு யாருக்குப் பேனர் கட்டுவீங்க?”

“சும்மா வாய்ப்பேச்சுக்கு நல்லாருக்கும்ணே.”

“நம்ம பிள்ளைங்களுக்கு ஆர்வமில்லன்னு முதல்வர்கிட்ட சொல்லியிருக்கீங்க. எம்மகளுக்கு ஆர்வமில்லன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்? அவ தூக்கத்துல பேசுறதே தமிழ்தான்யா.”

இங்கேதான் அவர் பொறுமை போனது. இங்கேதான் நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சு வந்தது. வெளியூர்க்காரர், விளங்காது, டிக்கெட் போட்டுப் போய்விடுவீர்கள் என்றெல்லாம். சன்னலுக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம் அண்ணன் என்று சொன்ன அதே வாய். அந்தச் சன்னலில் எத்தனை அதிகாரிகள் என்னை என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட என்னை இந்த ஊருக்கு வெளியே நிறுத்தியதில்லை.

கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தேன். வெறுங்கையோடுதான் சொன்னேன்.

“நான் எந்த ஊர்க்காரனா வேணா இருந்துட்டுப் போறேன். எம்மக இந்த ஊர்க்காரி. அவ எழுதுவா. சி வந்தாலும் எழுதுவா, அதுக்குக் கீழ வந்தாலும் எழுதுவா. போன வருஷம் நிறுத்துன பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் நான் போகப்போறேன். பத்திரிகையிலயும் எழுதப்போறேன்.”

பிறகு சீப்பை எடுத்தேன். வேலை பாதியில் நிற்கிறதே. “தலையக் கொஞ்சம் சாயுங்க தம்பி, அந்தப் பக்கத்த முடிச்சிடுறேன்” என்றேன். உண்மையாகவே முடித்துக் கொடுக்கத்தான் நினைத்தேன்.

தியாகு சாயவில்லை. கைகளைத் துணிக்குள்ளிருந்து எடுத்து, கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோய், நான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தார். துணியை உதறி நாற்காலி முதுகில் போட்டார். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஒரு பக்கம் ஒட்ட, ஒரு பக்கம் புதர். அப்படியே வெளியே போனார். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று கடக்கும்வரை சாலையோரம் நின்றார். எதிர்வரிசையில் பங்களாதேஷிலிருந்து வந்த ஒருவர் போன மாதம் ஒரு முடிவெட்டும் கடை திறந்திருக்கிறார். தியாகு சாலையைத் தாண்டி அந்தக் கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வெட்டாத பக்கத்தைக் கையால் தொட்டுக் காட்டினார்.